சிப்பாயின் வலியாள்

என் குதிரையின் காலை என் தங்கைக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

சிப்பாய் என்னிடம் வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. ஓடிய பந்தயத்தில் எல்லாம் தோற்று, வேண்டாம் என்று தள்ளிவிடப்பட்ட பழுப்புக் குதிரை. கோவைக்கு வெளியே, தொண்டாமுத்தூர் சாலையில் நான் சவாரிப் பள்ளி ஆரம்பித்த புதிது. யாரையும் பக்கத்தில் விடமாட்டான். பின்னால் போனால் உதைப்பான். ஒரு வருடம் அவனிடம் கடியும் உதையும் வாங்கி, கெஞ்சி, கொஞ்சி, திட்டித்தான் அவன் முதுகில் ஒழுங்காக உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பத்து வருடமாக நான் கடிவாளத்தை இழுப்பதற்கு முன்பே அவன் திரும்பிவிடுவான். நினைத்தாலே போதும். அப்படி ஒரு உறவு எனக்கு மனிதர்களிடம் அமைந்ததில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

போன வருடம் அவன் நடை மாறியது. டிராட் எனும் துள்ளோட்டத்தில் போகும்போது வட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வலது பின்னங்காலைக் குறுக்கி வைத்தான். கால்நடை மருத்துவர் ரெஹானா வந்து அந்தக் காலைத் தூக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு விட்டுவிட்டு உடனே ஓடவிடச் சொன்னார். முதல் சில அடிகளில் சிப்பாய் வெளிப்படையாகவே நொண்டினான். எக்ஸ்ரேயில் மூட்டின் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி பாதிக்கு மேல் காணவில்லை.

"ஆர்த்ரைடிஸ் தானுங்க. பின்னால மடங்குது பாருங்க, அதப் பாதிப் பேரு முட்டின்னு நெனைப்பாங்க. நமக்கு அது கணுக்கால்" என்றார் டாக்டர். "குணமாகாது. ஆனா சமாளிக்கலாம். ஒரே எடத்துல கட்டிப் போடாதீங்க, கட்டிப் போட்டா இன்னும் எறுகிக்கும். மெதுவா நடக்க விடுங்க, எடையக் குறைங்க, மணல் மெத்துன்னு இருக்கோணும். மருந்தும் ஊசியும் நான் பாத்துக்கறேன். ஏறி ஓட்டோணும்னா மட்டும் வலியாள் போட்டே ஆகோணும். சட்டம் வந்துருச்சுங்களே."

சட்டம் எனக்கும் தெரியும். மூட்டு நோய் உள்ள குதிரையை ஓட்டுவதானால், அதன் வலியைத் தன் உடம்பில் வாங்கிச் சொல்ல ஒரு ஆள் மைதானத்தோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். குதிரையின் காலில் நரம்பருகே அரிசி அளவில் ஒரு சில்லைப் புதைப்பார்கள். வலியாள் தன் முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டையைக் கட்டிக்கொள்வார். அந்தப் பட்டை அவருடைய சொந்தக் கணுக்காலின் உணர்ச்சியை அடைத்துவிட்டு, அந்த இடத்தில் குதிரையின் காலைக் கொண்டுவந்து வைக்கும். அவர் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். ஐந்து என்றால் சவாரி செய்பவர் இறங்கிவிட வேண்டும். ஒரு பருவத்தில் மூன்று தடவை ஐந்து வந்தால் குதிரைக்குச் சவாரியிலிருந்து நிரந்தர ஓய்வு.

"இதுக்கு எதுக்கு ஆளு? மிஷினே நம்பர் போடக்கூடாதா?" என்று கேட்டேன்.

"நரம்புல என்ன ஓடுதுன்னு மிஷின் சொல்லும். அது வலிதானா, தாங்கற வலியா தாங்காத வலியான்னு ஒரு மனசுதானுங்க சொல்லோணும். குதிரை சொல்லாது. வலியக் காட்டுனா புலி தின்னு போடும்னு பயந்து வாழ்ந்த பொறப்பு. கால் ஒடைஞ்சாலும் நல்லா இருக்கற மாதிரிதான் நிக்கும்."

"அப்ப நானே கட்டிக்கறேன்."

"ஓட்டறவங்க கட்டக்கூடாதுங்க. ஓட்டற ஆசைல நீங்க கொறைச்சுச் சொல்லீருவீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மையாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

பலரை வைத்துச் சோதித்தோம். சில்லைப் புதைப்பதற்கு முன் சிப்பாயின் காலில் பிளாஸ்டர் மாதிரி ஒரு சோதனைத் தகட்டை ஒட்டி, ஒவ்வொருவர் காலிலும் பட்டையைக் கட்டிப் பார்த்தார் டாக்டர். ஒருவர் எறும்பு ஊர்கிறது என்றார். ஒருவர் சுடுகிறது என்றார். என் மாணவி ஒருத்தி கூச்சம் தாங்காமல் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து, நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த சாவியைக் கொடுக்க என் தங்கை நித்திலா வந்தாள். டாக்டர் அவள் நடையைப் பார்த்தார்.

நித்திலாவுக்குப் பத்தொன்பது வயதில் முடக்குவாதம் வந்தது. விரல், மணிக்கட்டு, கணுக்கால். முதல் வருடம் வீடே அழுதது. பிறகு பழகிவிட்டது, எங்களுக்கு. அப்பா கட்டிய வீட்டில் மாடி எனக்கு, படி ஏற முடியாது என்பதால் கீழ்வீடு அவளுக்கு. மாத்திரை சாப்பிடுவாள், ஊசி போட்டுக்கொள்வாள், பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைவாள். எங்காவது போவதென்றால் அவள் கிளம்பத் தாமதமாகும் என்று அரை மணி முன்பே சத்தம் போட ஆரம்பிப்பேன். அவள் நோயைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாய்க்குட்டியைக்கூடத் தொடமாட்டாள். குதிரை என்றால் சாலையின் எதிர்ப்பக்கம் போவாள்.

அப்படிப்பட்டவள் பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. சின்னதாக, யாருக்கும் காட்ட வேண்டாம் என்று அடக்கிய சிரிப்பு. குதிரையின் வலியைச் சுமக்கும்போது சிரிக்கிறாளே, இவள் என்ன பிறவி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வலது காலு. உள்பக்கமா, கீழ. எடது கால்ல சாஞ்சு நிக்கறான்" என்றாள்.

டாக்டர் போய்ப் பார்த்தார். அப்படியே இருந்தது. "மூட்டு நோய் இருக்கறவங்களுக்குத்தான் இது அருமையாப் பொருந்துது. மூட்டோட பாஷை அவங்க மூளைக்குத் தெரியும். எங்க லிஸ்ட்ல இருக்கற வலியாளுங்க எல்லாருமே இவங்கள மாதிரிதான்" என்று சந்தோஷமாகச் சொன்னார். நித்திலாவை உட்காரவைத்து, "உங்க வாழ்க்கைல பட்ட பெரிய வலி பத்து. ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம். இப்ப எவ்வளவுங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு. இல்ல, ரெண்டு."

சிப்பாயின் காலில் சில்லைப் புதைத்த நாளிலிருந்து தினமும் காலையில் ஸ்கூட்டரில் வந்துவிடுவாள். அரை மணி சத்தம் போட்டாலும் கிளம்பாதவள் எனக்கு முன்பே கிளம்பி நின்றாள்.

முதலில் எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. லாடம் அடிப்பவர் குளம்பின் முனையைக் குறைத்து வேறு லாடம் போட்டபோது, "இது தேவல, திரும்பறப்ப இழுக்கல" என்றாள். வெல்லத்தில் வைத்துக் கொடுக்கும் வலி மருந்து எத்தனை மணிக்கு வேலை செய்கிறது, எப்போது விட்டுப்போகிறது என்று சொன்னாள். ஏறுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் அதிகமாக நடக்கவைக்கச் சொன்னாள். அவள் சொன்னபடி செய்ததில் சிப்பாயின் நடை சீரானது. அவள் சொன்ன எண் ஒன்று, இரண்டு, எப்போதாவது மூன்று. நான் நிம்மதியாக ஓட்டினேன்.

பிறகு அவள் 'எங்களுக்கு' என்று பேச ஆரம்பித்தாள்.

"இன்னிக்கு எங்களுக்குக் காலைல கொஞ்சம் எறுக்கமா இருந்துச்சுக்கா." "மழ வரும்போல, எங்களுக்குத் தெரியுது." "நீ எடது பக்கமா கனத்து உக்கார்ற. எங்களுக்குப் பிடிக்கல."

எங்களுக்காம்! பதினோரு வருடம் அவன் சாணியை அள்ளியவள் நான். அவனுக்கு வயிற்றுவலி வந்தபோது விடிய விடியக் கூட நடந்தவள் நான். குதிரையின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று நேற்றுக் கற்றுக்கொண்டவள் என் உட்காருமுறையில் குற்றம் சொல்கிறாள். அதைவிடக் கொடுமை, அவள் சொன்னது சரி. அன்று மாலை வீடியோ எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம்தான் கனத்திருந்தேன்.

சிப்பாயும் மாறினான். அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே வேலிக்கு வந்து நிற்பான். அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு கண் மூடுவான். என் தோளில் அவன் ஒருநாளும் அப்படி வைத்ததில்லை. நான் ஊட்டிக் கேரட் வாங்கி வந்தேன், அடிவாரத்துச் சந்தையில் பொறுக்கி எடுத்து. நிதானமாகத் தின்று முடித்துவிட்டு அவளிடம் போனான். கையில் மிச்சமிருந்த கேரட்டை நானே கடித்துத் தின்றேன்.

பருவமழைக்கு முன்னால் நடக்கும் சவாரிப் போட்டியில் சிப்பாயோடு இறங்க வேண்டும் என்பது என் ஆசை. கடைசித் தடவை. அவனுக்கு வயது பதினாறு, எனக்கு நாற்பத்து மூன்று; இனி இரண்டு பேருக்கும் வாய்ப்பில்லை. பயிற்சியைக் கொஞ்சம் கூட்டினேன். கேன்டர் பாய்ச்சலில் இரண்டு வட்டம் போயிருப்பேன், ஓரத்திலிருந்து நித்திலா கையைத் தூக்கினாள்.

"அஞ்சு. எறங்கிருக்கா."

இறங்கினேன். அந்த வாரமே இன்னொரு ஐந்து. மூன்றாவது வந்தால் எல்லாம் முடிந்தது. ஓய்வு கொடுத்த குதிரைக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று வலியாள்தான் சொல்ல வேண்டும் என்பதால், ஓய்வுக்குப் பிறகு குதிரையை வலியாளின் பொறுப்பிலேயே விட்டுவிடுவது வழக்கம். அதாவது மூன்றாவது ஐந்தை அவள் வாயால் சொன்னால், சிப்பாய் அவளுடையவன்.

எனக்குத் தூக்கம் போனது. அவளுக்கு அவன் வேண்டும், அதற்காகத்தான் கூட்டிச் சொல்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு எண். அவள் வாயிலிருந்து வரும் ஒரு எண். சரியா தப்பா என்று உலகத்தில் யாரும் கேட்க முடியாது.

மறுநாள் காலை அவள் லாயத்துக்குள் சிப்பாயோடு நின்றுகொண்டிருந்தாள். "இன்னிக்கு எவ்வளவு?" என்றேன்.

"சும்மா நிக்கறப்ப ரெண்டு. எப்பவும் போல."

"ஓட்டுனா?"

"ஓட்டுனாத் தெரியும்."

"ஓட்டுனா அஞ்சுன்னு சொல்லுவ. அதான?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "என்னக்கா சொல்ற?"

"உனக்கு இவன் வேணும். நேராக் கேளு. எதுக்கு நம்பர வெச்சு வெளையாடற?"

அவள் குனிந்து பட்டையைக் கழற்றினாள். கழற்ற வெகுநேரம் ஆனது. அதைத் திண்டின் மேல் வைத்துவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள். அழுதுவிட்டு வரட்டும் என்று நினைத்தேன். பட்டை என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

சட்டமாவது மண்ணாவது என்று எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஓட்டத் தேவையில்லை, நிற்கும்போதே தெரிந்துவிடும். அவள் சொல்லும் இரண்டு எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டால், ஐந்து பொய்யா நிஜமா என்று கணக்குப் போட்டுவிடலாம்.

முதலில் என் பாதம் காணாமல் போனது. பிறகு வேறொரு கால் வந்தது. கணுக்காலுக்குள் உடைந்த ஓட்டுத் துண்டை வைத்து யாரோ மெதுவாகத் திருகுவது போல் இருந்தது. சிப்பாய் ஒன்றும் செய்யவில்லை, வைக்கோலைத் தின்றபடி எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினான். அவ்வளவுதான். நான் கத்திக்கொண்டு கீழே விழுந்தேன். தரையில் பரப்பியிருந்த மரத்தூள் வாய்க்குள் போனது. கழற்ற வேண்டும் என்று தெரிந்தது, கை போகவில்லை.

நித்திலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்காருவதே ஒரு வேலை. வீங்கிய விரல்களால் பட்டையின் கொக்கியை நெம்பினாள், வழுக்கியது, மறுபடி நெம்பினாள். நான் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பல்லால் கடித்துக் கழற்றினாள்.

மூச்சு வந்ததும் முதல் வேலையாகச் சண்டைதான் போட்டேன்.

"இதுவாடி ரெண்டு? பொய் சொல்லிப் பொய் சொல்லி இத்தன மாசமா என்னை ஓட்ட வெச்சிருக்கற. கூட்டிச் சொல்றேன்னு நெனச்சேன், நீ கொறைச்சில்ல சொல்லியிருக்கற! இவனக் கொன்னிருக்கறோம் ரெண்டு பேரும்!"

"ரெண்டுதான்க்கா" என்றாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "இன்னிக்கு மருந்து வேற நல்லா கேக்குது. காலைல நான் எந்திரிச்சுப் பல்லு வெளக்கப் போறப்ப எனக்கு நாலு இருக்கும். குளிரு காலத்துல அஞ்சு. இவனுக்கு ரெண்டுதான்."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"பட்டைய மாட்டுனா என்ற காலு அடைச்சுக்கும்ல. இவன் காலு வரும். இவன் காலு எனக்கு லீவு மாதிரிக்கா. தெனமும் ரெண்டு மணி நேரம் லீவு." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்காகத்தான் ஓடி ஓடி வந்தேன். நம்பர்ல வெளையாடல. ஆனா நீ சொன்னதுல ஒண்ணு நெசம். எனக்கு இவன் வேணும்."

டாக்டர் ரெஹானாவை வரவழைத்தோம். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். நித்திலாவிடம் திரும்பி, "ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம்னு சொன்னனே, அப்ப எத நெனச்சீங்க?" என்றார்.

"நல்ல நாளை நெனச்சேன். மாத்திரை கேட்டு, வெயிலும் அடிச்சு, கடைக்குப் போயிட்டு வரலாம்னு தோணுமே, அந்த மாதிரி நாளு."

"அன்னிக்கும் வலிக்குமா?"

"வலிக்காம எப்படிங்க?"

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். "பத்து எதுன்னு எல்லாருகிட்டயும் கேட்டோம். பூஜ்யம் எதுன்னு ஒருத்தரையும் கேக்கல" என்றார் மெதுவாக. "இந்த ஜில்லால ஓடற நொண்டிக் குதிரை அத்தனைக்கும் இவங்கள மாதிரி ஆளுங்களத்தான் போட்டிருக்கறோம்." ஃபோனை எடுத்தார், யாரை முதலில் அழைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பேசிக்கொண்டே வெளியே போனார்.

நாங்கள் இரண்டு பேரும் மைதானத்து வேலியோரம் உட்கார்ந்திருந்தோம். சிப்பாயை வெளியே விட்டிருந்தோம். என் வலது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அதில் ஒரு வலியும் இல்லை.

"இருபத்தோரு வருசமா இப்படியேவா?" என்றேன்.

"இதவிட மோசமாவும் இருக்கும்."

"சொல்லவே இல்லியே நீ."

"மொதல்ல சொன்னேன்" என்றாள். "அப்புறம் நீ மாடிப்படில எறங்கற சத்தம் கேக்கும். தடதடன்னு, ரெண்டு ரெண்டு படியா. கீழ படுத்துட்டு அதயே கேட்டுட்டிருப்பேன். அப்பல்லாம் உன்னைக் கண்டா எனக்கு ஆகாதுக்கா. நீ ஒண்ணுமே பண்ணியிருக்க மாட்ட. ஆனாலும் ஆகாது."

பொறாமை என்றால் என்னவென்று நான்கு மாதமாக எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆபீஸ் அலமாரில அந்தச் சோதனைத் தகடு இருக்குது" என்றாள். "அன்னிக்கு டாக்டர் மறந்து வெச்சுட்டுப் போனது. நான் எடுத்து எடுத்துப் பாப்பேன். குதிரைக்கு ஒட்டறத மனுசங்களுக்கு ஒட்டுனா என்னன்னு. அவங்ககிட்டயே கேட்டேன். மனுசனுக்கு மனுசன் சட்டத்துல எடமில்லைன்னுட்டாங்க."

"என்கிட்டக் கேக்க வேண்டியதுதான?"

"என்னன்னு கேக்கறது? உன்ற காலைச் சித்த நேரம் எனக்குக் குடுன்னா?"

நான் எழுந்து ஆபீசுக்குப் போனேன். தகட்டை எடுத்து, முழங்காலுக்குக் கீழே அழுத்தி ஒட்டிக்கொண்டு வந்தேன். பட்டையைச் சில்லிலிருந்து தகட்டுக்கு மாற்றி, நானே அவளுக்குக் கட்டிவிட்டேன். அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துருச்சா?"

"தெரியலயே. ஒண்ணுமே வரல. ஒட்டலயோ என்னமோ. நட பாக்கலாம்."

மணலில் நடந்தேன். குதிரைகளை நடத்திப் பார்க்கும் அதே வட்டம். கால்வாசி போயிருப்பேன், அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"நிறுத்தட்டுமா?"

"வேண்டா. நட. மண்ணு தெரியுதுக்கா. கால் எங்க இருக்குதுன்னே தெரியல, மண்ணு மட்டும் தெரியுது. இப்படியா இருக்கும்? இப்படியேவா நீ தெனமும் இருக்கற?"

ஆமாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. நடந்துகொண்டே இருந்தேன். "ஓடு" என்றாள். ஓடினேன். நாற்பத்து மூன்று வயதில், உடம்பு குலுங்க, மூச்சு வாங்க, டிராட் போகிற குதிரை மாதிரி வட்டமாக ஓடினேன். சிப்பாய் வேலிக்கு வந்து அவள் தோளில் தாடையை வைத்தான். ஓடுவது நான், அவன் போய் நிற்பது அவளிடம். அந்த நிலையிலும் எனக்கு எரிந்தது.

அவள் அவன் கழுத்தில் கை வைத்தாள். அவன் வலது பின்னங்காலை, குளம்பின் நுனி மட்டும் மண்ணில் படும்படி அவன் தூக்கி வைத்திருப்பதை, வெகுநேரம் பார்த்தாள்.

"ஏழு" என்றாள். "இவனுக்கு ரெண்டு இல்லக்கா. சும்மா நிக்கறப்பவே ஏழு. நீ ஏறுனா எவ்வளவுன்னு எனக்குச் சொல்லவே வரல."

மூன்றாவது ஐந்து அதில் அடக்கம். போட்டி இல்லை, சவாரி இல்லை. இனி அவன் முதுகில் நான் உட்காரப் போவதில்லை. என் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன.

நித்திலா அவன் கழுத்தில் முகத்தை வைத்து, "தெரியாமச் சொல்லீட்டேன் சாமி, தெரியாமச் சொல்லீட்டேன்" என்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ எதுக்கு நின்ன?" என்றாள். "ஓடு."